சில்வா என்னும் பெயர்: தோற்றமும் பரவலும்

2006 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் போர்த்துக்கல் நாட்டின் குடியரசுத் தலைவராக அனிபால் கவாகோ சில்வா பதவியேற்றார். அவ்வேளையில் அத்திலாந்திக் பெருங்கடலின் மறுகரையில், பிரேசில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர் லூயிஸ் இனாசியோ லூலா டா சில்வா. 2010 ஆம் ஆண்டின் இறுதிவரை, முன்பு ஆண்ட நாட்டிற்கும் ஆளப்பட்ட நாட்டிற்கும் தலைமை தாங்கிய இருவரும் ஒரே குடும்பப்பெயரைத் தாங்கியிருந்தனர். இருவரும் உறவினர் அல்லர். இப்பெயர் ஒன்றாயிருப்பதை எவரும் வியப்பாகக் கொள்ளவும் இல்லை. பிரேசிலில் 2022 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் பேர் சில்வா என்னும் பெயரைக் கொண்டவர்கள். அதாவது, அந்நாட்டில் ஆறு பேருக்கு ஒருவர் சில்வா. போர்த்துக்கலிலும் முதலிடம் இப்பெயருக்கே உரியது. கொழும்பிலோ காலியிலோ ஒரு தெருவைக் கடந்து செல்பவர் இப்பெயர் எழுதப்பட்ட பலகை ஒன்றையேனும் காணாமல் செல்வது அரிது.

இத்துணைக் கோடிப் பேரும் ஒரு முன்னோரின் வழிவந்தவர்களா? அல்லர் என்பது வெளிப்படை. எனின், ஒரு குலத்தின் பெயர் குலத்தை விட்டு நீங்கி இவ்வளவு பேரை எவ்வாறு சென்றடைந்தது? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், ஒரு பெயரின் வரலாற்றை மட்டுமன்றி, பெயர் பறிக்கப்பட்ட மக்களின் வரலாற்றையும் காண நேர்கிறது.

சொல்லின் மூலம் எளியது. இலத்தீன் மொழியில் 'சில்வா' என்றால் காடு. ஸ்பானிய மொழியில் அது 'செல்வா' எனத் திரிந்து காட்டையே இன்றும் குறிக்கிறது. போர்த்துக்கேய மொழியிலோ 'சில்வா' என்ற வடிவம் அப்படியே நிலைத்து, பொருள் மட்டும் சுருங்கிவிட்டது. இன்று ஒரு போர்த்துக்கேய உழவரிடம் சில்வா எது என்று கேட்டால், அவர் காட்டைக் காட்டமாட்டார். வேலியோரத்தில் படர்ந்து, கருநிறச் சிறு பழங்களைத் தரும் முட்புதரைக் காட்டுவார்.

காடும் புதரும் மிகுந்த வடமேற்கு ஐபீரியாவில் 'சில்வா' என வழங்கிய இடங்கள் பல. அவற்றுள் ஒன்று, போர்த்துக்கலையும் கலீசியாவையும் பிரிக்கும் மின்யோ ஆற்றின் தென்பகுதியில், வலென்சா என்னும் ஊரின் அருகில் அமைந்தது. அவ்விடத்துக் கோபுரமும் நிலமும் ஒரு பிரபு குடும்பத்தின் உடைமையாக இருந்தன. அக்குடும்பத்தின் தொடக்க காலத்தவராகப் பழைய வம்சாவளி நூல்கள் சுட்டுபவர் பாயோ குத்தெரெஸ் டா சில்வா. இப்பெயரின் அமைப்பு நோக்கத்தக்கது. பாயோ என்பது அவருடைய பெயர். குத்தெரெஸ் என்பது 'குத்தெரெ என்பாரின் மகன்' எனப் பொருள்படுவது. சில்வா என்பது ஊர். தமிழர்க்கு இம்முறை அந்நியமானதன்று. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதன் என்பதையே 'உ. வே. சா.' என்று சுருக்கி வழங்குகிறோம். ஊரும் தந்தையும் தானும் ஒரு பெயருக்குள் அடங்கும் அதே முறைதான். வேறுபாடு யாதெனில், தமிழ் மரபில் ஊர்ப்பெயர் அவரவரோடு நின்றுவிடும். ஐபீரியப் பிரபுக்களிடத்திலோ அது நிலத்தோடு சேர்ந்து மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிற்று. நிலம் உடையவனே ஊரைத் தன் பெயரில் சூடினான். சில்வா என்பது தொடக்கத்தில் ஓர் உடைமைப் பத்திரம் எனலாம்.

அக்குடும்பம் செழித்தது. வெள்ளிநிறக் களத்தில் ஊதாநிறச் சிங்கம் நிற்கும் கேடயம் அதன் சின்னமாயிற்று. 14 ஆம் நூற்றாண்டில் பார்செலோஸ் கோமகன் பேத்ரு தொகுத்த வம்சாவளி நூலில் சில்வாக்களுக்கு உரிய இடம் உண்டு. பின்னாளில் முகத்துதி விரும்பிய எழுத்தாளர் சிலர், 'சில்வா' என்ற சொல்லும் 'சில்வியுஸ்' என்ற உரோமப் புராணப் பெயரும் ஒலியால் ஒத்திருப்பதைக் கண்டு, திராய் நகரிலிருந்து தப்பி வந்த ஈனியாசின் மரபே இக்குலம் என்று எழுதிவைத்தனர். சூரிய குலம், சந்திர குலம் என்று மெய்க்கீர்த்தி பாடிய நம் புலவர்கள் இதனைக் கண்டு வியப்படையமாட்டார்கள்.

சில்வாக் குடும்பத்தினர் எல்லை கடந்து ஸ்பெயினிலும் உயர்ந்தனர். போர்த்துக்கேய இளவரசியின் பரிவாரத்தில் காஸ்தீல் அரசவைக்குச் சென்ற பெயாத்ரிஸ் டா சில்வா, தொலேதோ நகரில் ஒரு கன்னியர் துறவுச் சபையைத் தோற்றுவித்தார். 1976 ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1516 இல் போர்த்துக்கலில் பிறந்து, சிறுவனாக ஸ்பானிய அரண்மனையில் புகுந்த ருய் கோமெஸ் டி சில்வா, இரண்டாம் பிலிப் மன்னனின் நெருங்கிய ஆலோசகராகி, எபோலி இளவரசராகவும் பாஸ்த்ரானா கோமகனாகவும் உயர்ந்தார். அவருடைய செல்வாக்கைக் கண்டு பொறாமை கொண்ட அவையினர், 'ருய்' கோமெஸ் என்பதை 'ரேய்' கோமெஸ் என்று திரித்து அழைத்தனராம். ரேய் என்றால் அரசன்.

இங்ஙனம் உயர்குடியின் அடையாளமாக விளங்கிய பெயர், தன்னைத் தாங்கியவனுக்கு உயர்குடித் தகுதியை உறுதிசெய்ய வல்லதா? இவ்வினா 1658 ஆம் ஆண்டில் ஸ்பெயினின் தலைசிறந்த ஓவியர் ஒருவர் வாழ்வில் எழுந்தது. அவ்வழக்கு விரித்துரைக்கத்தக்கது.

உலகம் வெலாஸ்கெஸ் என்றறியும் ஓவியரின் முழுப்பெயர் தியேகோ ரொட்ரிகெஸ் டி சில்வா இ வெலாஸ்கெஸ். அவர் 1599 இல் செவில் நகரில் பிறந்தார். தந்தை ஜுவான் ரொட்ரிகெஸ் டி சில்வா. தந்தையின் பெற்றோர் போர்த்துக்கலின் போர்த்தோ நகரிலிருந்து செவிலுக்குக் குடியேறியவர்கள். வெலாஸ்கெஸ் என்பது தாயின் குடும்பப்பெயர். ஸ்பானிய வழக்கில் தந்தை பெயர் முன்னும் தாய் பெயர் பின்னும் வரும். போர்த்துக்கேய வழக்கில் இது மாறிவரும். தாயின் பெயராலேயே வழங்கப்படுவதும் அக்கால ஆந்தலூசியாவில் இயல்பே. தம் ஓவியத்தால் புகழ்பெற்றபின், நான்காம் பிலிப் மன்னனின் அரண்மனையில் உயர் பதவி வகித்த அவ்வோவியர், சாந்தியாகோ வீரர் அணியில் சேர விரும்பினார். அவ்வணியில் சேர்வதற்கு விதிகள் கடுமையானவை. பெற்றோர் வழிகள் இரண்டும் பிரபு குலமாயிருத்தல் வேண்டும்; யூத இரத்தமோ மூர் இரத்தமோ கலந்திருத்தல் ஆகாது; கைத்தொழில் செய்தோ பொருள் விற்றோ பிழைத்திருத்தலும் ஆகாது.

விசாரணையாளர்கள் புறப்பட்டனர். போர்த்துக்கல் 1640 முதல் ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்தமையால் போர்த்தோவுக்குச் செல்ல இயலவில்லை. எனவே எல்லையை ஒட்டிய கலீசிய ஊர்களில் அமர்ந்து, ஓவியரின் போர்த்துக்கேய முன்னோரைப் பற்றிச் சாட்சியம் திரட்டினர். சில்வாக் கோபுரம் இருந்த ஆற்றங்கரைக்கு எதிரே விரியும் நிலப்பகுதிதான் அது. பின்னர் மத்ரித்திலும் செவிலிலும் விசாரித்தனர். மொத்தம் 148 சாட்சிகள். ஓவியர்களான சுர்பரானும் அலோன்சோ கானோவும் அவர்களுள் அடங்குவர். வெலாஸ்கெஸ் தொழிற்கூடம் நடத்தியதில்லை, ஓவியம் விற்றதில்லை, மன்னரின் மகிழ்ச்சிக்காக மட்டுமே வரைந்தார் என்று நண்பர்கள் கூறினர். ஓவியம் கைத்தொழிலன்று என்று காட்டுவதற்காக ஓவியர்களே உண்மையைச் சற்று வளைத்தனர் என்று கொள்ளலாம். இத்தனைக்குப் பின்னும் அணியின் மன்றம் நிறைவடையவில்லை. பிரபுத்துவம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அது முடிவு செய்தது. இறுதியில் மன்னர் உரோமாபுரிக்கு எழுதி, போப்பரசரிடமிருந்து விதிவிலக்குப் பெற்று, 1659 நவம்பரில் அவரை அணியில் சேர்த்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஓவியர் மறைந்தார். 1656 ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் தூரிகையோடு நிற்கும் அவருடைய மார்பில் காணப்படும் சிவப்புச் சிலுவை, அவர் அணியில் சேர்ந்தபின் தீட்டப்பட்டதாகும்.

சில்வா என்னும் பெயர் ஏன் அவருக்குத் துணைபுரியவில்லை? 17 ஆம் நூற்றாண்டிற்கு வெகு முன்னரே அப்பெயர் கோபுரத்திற்கு உடையவர்களை விட்டுப் பலரிடம் சென்றுவிட்டிருந்தது. குடும்பப்பெயர் இன்னாருக்கு இன்னது என்று கட்டாயப்படுத்தும் சட்டம் அக்காலப் போர்த்துக்கலில் இல்லை. சில்வா என்று பெயர்கொண்ட வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் அதனைச் சூடினர். பிரபுவின் பணியாளன் பிரபுவின் பெயரைக் கொண்டான். ஞானத்தந்தையின் பெயர் ஞானப்பிள்ளைக்கு வந்தது. உடன்பிறந்தோர் இருவர் வெவ்வேறு குடும்பப்பெயர்களைக் கொள்வதும் இயல்பாக இருந்தது; ஒருவர் தந்தைவழிப் பாட்டனையும் மற்றவர் தாய்வழிப் பாட்டியையும் நினைவுகூர்ந்து பெயர் ஏற்றனர். போர்த்துக்கலில் குடியியல் பதிவு அனைவர்க்கும் கட்டாயமானது குடியரசு ஏற்பட்டபின், 1911 ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஒரு தவறான கருத்தை விலக்குதல் வேண்டும். 1497 ஆம் ஆண்டில் மன்னன் மனுவேல் போர்த்துக்கலின் யூதர்களை வலிந்து திருமுழுக்குப் பெறச் செய்தான். 'புதிய கிறிஸ்தவர்' எனப்பட்ட அவர்கள் மரஞ்செடிகளின் பெயர்களையே ஏற்றனர் என்றும், ஆகவே பேர மரமாகிய பெரேரா, ஒலிவ மரமாகிய ஒலிவேரா, புதராகிய சில்வா ஆகிய பெயருடையோர் யூத மரபினர் என்றும் ஒரு கூற்று நெடுங்காலமாக வழங்குகிறது. இது பொருந்தாது. இப்பெயர்கள் யாவும் 1497 க்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை. பழைய பிரபுக்களுக்கே உரியவையாயிருந்தவை. அஞ்சி மறைந்து வாழ வேண்டியவர்கள் எவர் கண்ணிலும் படாத பெயரையே நாடுவர். ஆகவே நாட்டில் மிகப் பரவியிருந்த பெயர்களையே அவர்களும் ஏற்றனர். சில்வா அவற்றுள் ஒன்றாயிற்று என்பதே செய்தி.

அம்மறைவிடம் எல்லாரையும் காக்கவில்லை. 1705 இல் ரியோ டி ஜனேரோவில் அத்தகைய குடும்பமொன்றில் பிறந்து, சிறுவயதில் லிஸ்பனுக்குக் கொண்டுவரப்பட்டவர் அந்தோனியோ ஜோசே டா சில்வா. நகைச்சுவை நாடகங்கள் எழுதி லிஸ்பன் மக்களைச் சிரிக்கவைத்த இவரை மக்கள் 'யூதன்' என்றே அழைத்தனர். மதவிசாரணை மன்றம் 1739 அக்டோபரில் இவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தது. கோமகனும் புனிதரும் தாங்கிய அதே பெயரோடுதான் இவரும் தண்டனை மேடைக்குச் சென்றார்.

பெயரின் பெரும் பரவல் நிகழ்ந்த நிலம் பிரேசில். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ 48 இலட்சம் ஆபிரிக்கர்கள் அடிமைகளாக அந்நாட்டின் கரையில் இறக்கப்பட்டனர். அவர்களுக்கு அவரவர் தாய்நாட்டில் பெயர் இருந்தது, குலம் இருந்தது. திருமுழுக்கில் ஜுவாவ், மரியா, பிரான்சிஸ்கா என ஒரு பெயர் தரப்பட்டது. குடும்பப்பெயர் தரப்படவில்லை. குடும்பம் என ஒன்று அவர்களுக்கு உண்டு என்பதையே சட்டம் பெரிதாகக் கருதவில்லை. வேறுபடுத்தி அறிவதற்காக ஏற்றப்பட்ட துறைமுகமோ தேசமோ பெயருடன் ஒட்டப்பட்டது: ஜுவாவ் அங்கோலா, மரியா மினா என்றவாறு. சரக்குப் பொதியின்மேல் எழுதும் முகவரியைப் போன்றதே அது. விடுதலை பெற்றவன் தன்னை ஒரு முழு மனிதனாகக் காட்டிக்கொள்ள விழைந்தபோது, அவனுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு குடும்பப்பெயர். பழைய எசமானின் பெயரை ஏற்றவர் உண்டு. தோஸ் சாந்தோஸ் (புனிதர்களின்), டி ஜேசுஸ் (இயேசுவின்), கொன்செய்சாவ் (அமலோற்பவம்) எனப் பக்திப் பெயர்களை ஏற்றவரும் உண்டு. இன்ன குலம் என்று சொல்ல இயலாதவர்கள் எளிதாக எடுத்துக்கொள்ளத்தக்க பெயராகச் சில்வா ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது.

இதற்குத் தெளிவான சான்று, பிரேசிலின் வைரச் சுரங்க நகரமாகிய திஜூகோவில் வாழ்ந்த ஷிகா டா சில்வா. ஆபிரிக்க அடிமைப் பெண்ணொருத்தியின் மகளாகிய பிரான்சிஸ்காவை, வைர ஒப்பந்தக்காரராகிய ஜுவாவ் பெர்னாண்டஸ் டி ஒலிவேரா விலைக்கு வாங்கி, 1753 இல் விடுதலை செய்தார். இருவரும் பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்தனர். பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தனர். ஆயினும் திருமணம் நிகழவில்லை. அடிமையாயிருந்தபோது பிரான்சிஸ்கா என்பதுடன் நிறத்தைக் குறிக்கும் சொல் ஒன்றே ஆவணங்களில் இணைந்து வந்தது. விடுதலைக்குப் பின் அவர் பிரான்சிஸ்கா டா சில்வா ஆனார். பிறகு 'டி ஒலிவேரா' என்பதும் சேர்ந்தது. சில்வா என்பது அவருடைய தாயின் பெயருமன்று, துணைவரின் பெயருமன்று. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் இவரை ஆணை மயக்கும் பேரழகியாகச் சித்திரித்துவிட்டன. ஜூனியா பெரெய்ரா பூர்த்தாதோ என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் துருவி வெளிப்படுத்தியது வேறொரு பெண்ணை: பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், தாமும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர், 1796 இல் மறைந்தபோது வெள்ளையர்க்கே உரிய சபையின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். ஒடுக்கப்பட்டவர் மேலேறியவுடன் தமக்குக் கீழே இருப்பவரை ஒடுக்குவதும் அச்சமுதாயத்தின் இயல்பாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

சில்வாக்கள் அடிமைகளின் வழியினர் மட்டுமே என்று கொள்வதும் பிழை. அந்நாட்டின் விடுதலைக்கு முதலில் கனவு கண்டு, 1792 ஏப்பிரல் 21 ஆம் நாள் தூக்கிலேற்றப்பட்ட திராதென்தெசின் இயற்பெயர் ஜோவாகிம் ஜோசே டா சில்வா சவியெர். 1822 இல் விடுதலை வந்தபோது அமைச்சராக நின்று அதனை வழிநடத்திய அறிஞர் ஜோசே போனிபாசியோ டி அந்திராதா இ சில்வா. போர்த்துக்கலிலிருந்து பிழைப்பு நாடிக் கப்பலேறிய ஏழை உழவர்களும் இப்பெயரைச் சுமந்து வந்தனர். மதப்பரப்புநர் முழுக்களித்த பழங்குடியினரும் பெற்றனர். கடற்கரையில் தங்கியோர் 'கோஸ்தா' (கரை) எனவும், உள்நாட்டுக் காட்டுக்குள் சென்றோர் 'சில்வா' எனவும் பெயரிடப்பட்டனர் என்று ஒரு கதை பிரேசிலில் வழங்குகிறது. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் கோஸ்தாவும் சில்வாவும் கப்பலேறுவதற்கு முன்பே பெயர்களாக இருந்தவை.

அடிமைமுறை 1888 மே 13 ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் பிறப்பையும் இறப்பையும் குடியியல் பதிவேட்டில் பதிவது நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டில் நிரப்புவதற்கு ஒரு குடும்பப்பெயர் வேண்டியிருந்தது. இதே காலத்தில், 1890 டிசம்பரில், நிதியமைச்சராயிருந்த ருய் பார்போசா, அரசிடமிருந்த அடிமைமுறை ஆவணங்களை அழிக்கும்படி ஆணையிட்டார். பழைய எசமானர்கள் இழப்பீடு கோருவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பர். எல்லா ஏடுகளும் எரியவில்லை. ஆயினும் எரிந்தவற்றோடு எத்தனையோ குடும்பங்களின் வேர்களும் சாம்பலாயின. பாட்டன் எந்தக் கப்பலில், எந்தக் கரையிலிருந்து வந்தான் என்பது அழிந்தது; அவனுக்குத் தரப்பட்ட சில்வா என்பது மட்டும் எஞ்சியது.

நாம் 'குப்பனும் சுப்பனும்' என்று சொல்லுமிடத்தில் பிரேசிலியர் 'ஜுவாவ் டா சில்வா' என்பர். உலகக் கிண்ணக் காற்பந்தில் 1938 இல் மிகுதியான கோல்களைப் போட்ட லியோனிதாஸ் டா சில்வா, வடகிழக்கு வறள்நிலத்தின் புகழ்பெற்ற கொள்ளைத்தலைவன் லம்பியாவ், பெண்கள் காற்பந்தின் மார்த்தா, ஆண்கள் அணியின் நெய்மார் ஆகிய யாவரும் முழுப்பெயரில் சில்வாக்களே. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாலன்றி இது தெரிவதில்லை. காரோட்டப் பந்தய வீரர் ஆயர்தொன் சென்னா டா சில்வா தொடக்கத்தில் டா சில்வா என்ற பெயரிலேயே போட்டியிட்டார். அப்பெயர் மிகப் பொதுவாக இருந்தமையால் 1980 களின் தொடக்கத்தில் தாயின் பெயராகிய சென்னா என்பதை முதன்மையாகக் கொண்டார். வெலாஸ்கெசும் சென்னாவும் தந்தையின் சில்வாவை விட்டுத் தாயின் பெயரால் உலகறிந்தவர்கள். முன்னவரின் காலத்தில் சில்வா பிரபுத்துவத்திற்கு உரிமை கோரும் பெயர். பின்னவரின் காலத்தில் அது கூட்டத்தில் ஒருவனைக் கண்டறிய முடியாத பெயர்.

லூலாவின் கதையும் இதனோடு இயைந்ததே. 1945 இல் பெர்னாம்புகோ மாநிலத்து வறண்ட பகுதியில் பிறந்த அவர், 1952 இல் தாயோடும் உடன்பிறந்தோரோடும் பாரவண்டியின் பின்புறத்தில் 13 நாள் பயணம் செய்து சாவோ பாவுலோ மாநிலத்தை அடைந்தார். லூயிஸ் இனாசியோ டா சில்வா என்ற பெயரில் ஆலைத் தொழிலாளர் தலைவரானார். தேர்தலில் நிற்கும்போது வாக்காளர் தம்மை அறிந்துகொள்ளும்பொருட்டு, 1982 இல் செல்லப்பெயராகிய லூலாவைச் சட்டப்படி இணைத்துக்கொண்டார்.

போர்த்துக்கேயர் சென்ற கிழக்குத் திசைக் கரைகளுக்கும் பெயர் வந்தது. ஆனால் இங்கு அது அடிமைச் சந்தையின் வழியாக அன்றி, பெரும்பாலும் திருமுழுக்குத் தொட்டியின் வழியாக வந்தது. கோவாவில் 16 ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக மக்கள் மதம் மாறியபோது, முழுக்களித்த குருவோ ஞானத்தந்தையோ தம் பெயரை வழங்கினர். ஒரே வீட்டார் வெவ்வேறு நாளில் முழுக்குப் பெற்றால் வெவ்வேறு குடும்பப்பெயர் பெற்றனர். தமிழகத்து முத்துக்குளித்துறைப் பரதவர், மூர்களோடு ஏற்பட்ட பூசலில் பாதுகாப்பு நாடி, 1530 களின் நடுவில் கொச்சிக்குத் தூது அனுப்பி மதம் மாறினர். அவர்களிடையே பெர்னாண்டோ, மச்சாடோ, ரொட்ரிகோ, வாஸ் முதலிய பெயர்கள் நிலைத்தன. சில்வாவுக்கு அங்குச் சிறப்பிடம் இல்லை. அது சிறப்பிடம் பெற்றது இலங்கையில்.

1557 ஆம் ஆண்டில் கோட்டை மன்னன் தர்மபாலன் திருமுழுக்குப் பெற்று, டொன் ஜுவாவ் பெரிய பண்டாரம் என்ற பெயரை ஏற்றான். மேற்குக் கரையோர மக்கள் பலர் அதற்குச் சற்று முன்னரே கூட்டமாக மதம் மாறியிருந்தனர். பெரெய்ரா பெரேரா ஆயிற்று; மெந்தெஸ் மெண்டிஸ் ஆயிற்று; சோசா சொய்சா ஆயிற்று. சில்வா மட்டும் மாற்றமின்றி நின்றது. போர்த்துக்கேயர் 'டா சில்வா' என்று வழங்க, இலங்கையில் 'டி சில்வா' என்றே நிலைத்தது. 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை முற்றிலும் வெளியேற்றினர். அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனரேயன்றி இப்பெயர்களை அழிக்கவில்லை. மாறாக, நிலத்தையும் குடிகளையும் தோம்பு ஏடுகளில் பதிந்தபோது, பெயர்கள் எழுத்தில் உறைந்துவிட்டன. தோம்பு என்ற சொல்லே போர்த்துக்கேயம் தமிழுக்கு விட்டுச்சென்றது. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின், மதத்தின் பெயரால் ஏற்றவர்கள் பலர் வெளிப்படையாகப் பௌத்தத்திற்குத் திரும்பினர். பெயர் திரும்பவில்லை. இலங்கைச் சில்வாக்களிற் பலர் இன்றும் பௌத்தர்களாயிருத்தல் இக்காரணத்தாலேயே.

கறுவாப்பட்டை உரித்த சலாகமர், கடல்தொழில் செய்த கராவர், கள் இறக்கிய துராவர் ஆகிய மூன்று கரையோரச் சாதியாரிடையேயும் இப்பெயர் உண்டு. இவர்களுடைய முன்னோரிற் பலர் தென்னிந்தியக் கரைகளிலிருந்து இடைக்காலத்தில் வந்து குடியேறியவர்கள் என்பது வரலாற்றாசிரியர் ஒப்பும் செய்தி. எனவே, தமிழோ மலையாளமோ பேசிய ஒருவரின் வழித்தோன்றல், சிங்களம் பேசிக்கொண்டு, இலத்தீன் மூலமுடைய போர்த்துக்கேயப் பெயரைத் தாங்கி வாழ்தல் இத்தீவில் மிக இயல்பான நிலை. பெயரைக் கொண்டு இவர் பறங்கிக் கலப்புடையவர் என்று முடிவு செய்வாரும் உளர். ஒரு சிலரளவில் அது மெய்யாயிருத்தல் கூடும். ஆனால் பெயர் அதற்குச் சான்றாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கள மறுமலர்ச்சியாளர் இப்பெயர்களை இழிவாகக் கருதினர். 1875 இல் பீத்ரிக் சில்வா எனப் பிறந்த ஒருவர் அப்பெயரைக் களைந்து பியதாச சிரிசேன ஆனார். நாவல்கள் எழுதி, அந்நியப் பெயர் தாங்கும் சிங்களரை எள்ளினார். அவர் அழைப்பை ஏற்றுப் பெயர் மாற்றியவர் பலர். மாற்றாதவர் அதனினும் பலர். டபிள்யு. ஏ. சில்வா பெயரை மாற்றாமலே சிங்கள வாசகர் பெரிதும் விரும்பிய நாவலாசிரியராய்த் திகழ்ந்தார். தூய்மை வேண்டியோர் பெயரோடு நிற்கவில்லை என்பதைத் தமிழர் அறிவர். 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, அது நாட்டை இரண்டாக்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 இல் சிங்களத்திற்கு ஆட்சிமொழி நிலையையும் பௌத்தத்திற்கு முதன்மை இடத்தையும் உறுதிசெய்த அரசியலமைப்பை வரைந்த அமைச்சரும் அவரே. ஒரே மனிதரிடம் காணப்படும் இவ்விரு நிலைகளையும் வம்சமோ பெயரோ விளக்காது, அரசியலே விளக்கும்.

குலத்தை அறிய விரும்பும் சிங்களர் சில்வாவை நோக்குவதில்லை. அதற்கு முன்னுள்ள 'கே' பெயரை நோக்குவர். 'இன்ன வீட்டினர்' எனப் பொருள்படும் அவ்வீட்டுப்பெயர், போர்த்துக்கேயர் வந்தபின்னும் அழியாமல் நின்றது. திருமணம் பேசுவோரிடத்து இன்றும் அதற்கே மதிப்பு. 1996 மார்ச் 17 ஆம் நாள் லாகூரில் நிகழ்ந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப்போட்டியில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து, இலங்கைக்கு வெற்றி தேடித்தந்தவரின் முழுப்பெயர் பின்னதுவகே அரவிந்த டி சில்வா. ஓட்டப் பட்டியல்களில் அது 'பி. ஏ. டி சில்வா' என்று அச்சாகும். பின்னதுவ வீட்டார் என்னும் செய்தி அங்கே ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கிறது. மின்யோ ஆற்றங்கரையின் முட்புதர் முழுமையாக நிற்கிறது.